சுற்றுச்சூழல் நீதிக்கான உபகாரச் சம்பளம்: விண்ணப்பிப்பதும் தக்கவைப்பதும்

மரம் நடுவதும் கடற்கரையில் குப்பை பொறுக்குவதும் நல்ல காரியங்கள்தாம். ஆனால், சுற்றுச்சூழல் நீதியைப் படிக்கப் பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் வழங்கும் உபகாரச் சம்பளத்துக்கு அவை மட்டும் போதா. ஒரு நகரத்தின் குப்பை எங்கே போய்ச் சேர்கிறது, அதன் புகையை யார் சுவாசிக்கிறார்கள், அந்த இடத்தை முடிவு செய்த கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலியாவது இருந்ததா என்பவையே இத்துறையின் கேள்விகள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ் மாணவர்களின் விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பவன் என்ற முறையில் ஒன்றைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன்: துருவப் பனிக்கரடியைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் மாணவர், தன் அடுக்குமாடிக்குப் பின்னால் ஓடும் கறுத்த ஆற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. தேர்வுக் குழு தேடுவது அந்த ஆற்றைத்தான்.

துறையை அறிந்துகொண்டு தொடங்குங்கள்

இந்தத் துறையின் தொடக்கத்தை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள வாரன் மாவட்டத்தில் 1982-இல் நடந்த மறியலிலிருந்து கணக்கிடுவது வழக்கம். பி.சி.பி. என்ற நச்சுப்பொருள் கலந்த மண்ணைக் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்த மாவட்டத்தில் கொட்ட அரசு முடிவு செய்தபோது, லாரிகளின் முன்னே மக்கள் படுத்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நச்சுக்கழிவுக் கிடங்குகள் அமைந்திருக்கும் இடங்களுக்கும் அங்கு வாழும் மக்களின் இனத்துக்கும் உள்ள தொடர்பை 1987-இல் வெளிவந்த ஒரு தேவாலய அமைப்பின் அறிக்கை புள்ளிவிவரங்களோடு காட்டியது. 1991-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு 17 கொள்கைகளை வகுத்தது. இவ்வளவு தெரிந்திருந்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் படிவத்தில் உள்ள கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கிவிடும்.

நம் மலேசிய நாட்டு வரலாறும் இதற்குக் குறைந்ததன்று. ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் இயங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையிலிருந்து தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு வெளியேறியது. அதை எதிர்த்து வட்டார மக்கள் 1985-இல் நீதிமன்றம் சென்றார்கள்; 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; 1993 இறுதியில் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது; ஆயினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. அம்மக்களோடு நின்ற பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் சுற்றுச்சூழல் அமைப்பான சஹாபாட் ஆலாம் மலேசியாவையும் பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்தியவர் 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ். பினாங்கு மாணவர் ஒருவர் இந்த இரண்டு அமைப்புகளின் பழைய வெளியீடுகளைப் புரட்டாமல் இந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

தோட்டத்துப் பெண்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. முதுகில் பம்பைச் சுமந்து பாராகுவாட் களைக்கொல்லியைத் தெளித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் பலர். 2002-இல் அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்த அரசு 2006-இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் வந்தது. உங்கள் பாட்டி அந்தப் பம்பைச் சுமந்தவராக இருந்தால், உங்கள் விண்ணப்பத்தின் முதல் ஆதாரம் உங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

கோலாலம்பூர் மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் எடுத்துக்காட்டு தாமான் ரிம்பா கியாரா வழக்கு. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டிய அந்தப் பசுமைப் பூங்காவில் உயர்மாடிக் கட்டடங்கள் எழுப்ப 2017-இல் வழங்கப்பட்ட அனுமதியை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பூங்கா காப்பாற்றப்பட்டது என்று இங்கேயே கட்டுரையை முடித்துக்கொள்பவர்கள் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார்கள். அதே நிலத்தை ஒட்டிய நீண்ட வீடுகளில், பழைய புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், பல பத்தாண்டுகளாக நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தன. அவர்களுக்கான வீடுகளும் ரத்தான அந்தத் திட்டத்துக்குள்தான் சேர்க்கப்பட்டிருந்தன. பூங்காவுக்காகப் போராடியவர்களின் வாதமும் நியாயமானது. வீட்டுக்காகக் காத்திருந்தவர்களின் கோரிக்கையும் நியாயமானது. இரண்டையும் ஒரே திட்டத்தில் முடிச்சுப் போட்டது யார், ஏன் என்று கேட்கத் தெரிந்த மாணவரிடம் தேர்வுக் குழு கூடுதல் நேரம் பேசும்.

எங்கே தேடுவது

‘சுற்றுச்சூழல் நீதி’ என்ற பெயரையே தேடினால் உள்நாட்டில் அதிகம் சிக்காது. சட்டம், பொதுச் சுகாதாரம், புவியியல், நகரத் திட்டமிடல், சுற்றுச்சூழல் பொறியியல், சமூகவியல் ஆகிய பிரிவுகளின் பெயர்களில்தான் நிதி இருக்கும். அதற்குள் நீதி சார்ந்த ஆய்வை முன்வைப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கின் மின்டெனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ முதுகலைக்குச் செல்ல விரும்புபவர்கள், பொதுவான உதவித்தொகைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், தங்களுக்கு விருப்பமான தலைப்பில் ஆய்வு மானியம் பெற்றிருக்கும் விரிவுரையாளர்களைத் தேடிப் பார்ப்பது நல்லது. மாணவ ஆய்வு உதவியாளருக்கான மாதத் தொகை பல நேரங்களில் அந்த மானியத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். அது எந்த விளம்பரப் பலகையிலும் வராது.

வெளிநாடு செல்ல விரும்புபவர்களுக்கு வாய்ப்புகள் உள்ளன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சுற்றுச்சூழல் நீதியைத் தனிப் பாடப்பிரிவாகவே வளர்த்தெடுத்த நிறுவனங்களுள் முன்னோடி. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செவனிங் உபகாரச் சம்பளம் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு உரியது. அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலை அனுபவம் தேவை, படிப்பு முடிந்ததும் நாடு திரும்பிக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தங்க வேண்டும் என்பதும் நிபந்தனை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைத் திட்டங்களில் சுற்றுச்சூழல் கொள்கை தொடர்பானவை பல இருக்கின்றன. கல்விக் கட்டணத்தை மட்டும் கழிக்கும் சலுகைக்கும், வாழ்க்கைச் செலவையும் விமானச் சீட்டையும் சேர்த்துத் தரும் முழு உதவிக்கும் உள்ள வேறுபாட்டை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பாதிக் கட்டணச் சலுகையைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடிவிட்டு, மீதிப் பாதிக்கு வீட்டை அடமானம் வைத்த குடும்பங்கள் உண்டு. விண்ணப்பத்தைச் ‘செயல்படுத்த’ முன்பணம் கேட்கும் முகவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

பெருநிறுவன அறக்கட்டளைகளின் நிதியைப் பற்றி மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. செம்பனைத் தோட்டமும் எண்ணெய்க் கிணறும் நடத்தும் குழுமத்தின் பணத்தில் சுற்றுச்சூழல் நீதி படிக்கலாமா? என் கருத்து இது: படிக்கலாம், ஆனால் உங்கள் ஆய்வின் பொருளே அந்தக் குழுமத்தின் ஆலையாகவோ தோட்டமாகவோ இருந்தால் கூடாது. ஆய்வு முடிவை வெளியிடும் முன் நிதி வழங்குநரின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தை மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.

ஆவணங்கள்

திறமையான மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயர். தந்தையின் அடையாள அட்டையில் ‘சுப்ரமணியம்’ என்றும், மகளின் பிறப்புப் பத்திரத்தில் ‘சுப்பிரமணியன்’ என்றும், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழில் மூன்றாவது ஓர் எழுத்துக்கூட்டலிலும் இருக்கும். மகள், மகன் என்பதைக் குறிக்கும் ‘ஏ/பி’, ‘ஏ/எல்’ என்பவற்றை வெளிநாட்டுப் படிவம் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சேர்க்கைக் கடிதத்தை வேறு யாருக்கோ எழுதியதுபோல் அனுப்பிவைக்கும். கடப்பிதழில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்துக்கொண்டு எல்லாப் படிவங்களையும் அதற்கு ஏற்ப நிரப்புங்கள். மாறுபட்ட எழுத்துக்கூட்டல்கள் அனைத்தும் ஒரே நபரையே குறிக்கின்றன என்று 1960-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் ஓர் உறுதிமொழி செய்து, அதன் நகலை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல் வருமானச் சான்று. தந்தை அரசாங்க ஊழியர் என்றால் சம்பளச் சீட்டே போதும். லாரி ஓட்டுநராகவோ ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராகவோ, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கடை போடுபவராகவோ இருந்தால், ஊழியர் சேமநிதி (இ.பி.எஃப்.) அறிக்கை, கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமானத்தைக் குறிப்பிட்டுச் செய்த சத்தியப் பிரமாணம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சிலாங்கூரிலும் பினாங்கிலும் சட்டமன்ற உறுப்பினரின் உறுதிக் கடிதத்தைச் சில அறக்கட்டளைகள் ஏற்கின்றன. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் இங்கே சட்டமன்றத் தொகுதியே கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும். வருமானத்தில் கீழ்நிலையில் உள்ள 40 விழுக்காட்டுக் குடும்பங்களைக் குறிக்கும் பி40 பிரிவுக்கான எல்லையாக 2022-ஆம் ஆண்டுக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு நாடு முழுமைக்கும் காட்டிய அளவு மாதம் 5,250 ரிங்கிட். ஆனால் ஒவ்வோர் அறக்கட்டளையும் தனக்கென ஓர் எல்லையை வைத்திருக்கக்கூடும் என்பதால் படிவத்தில் உள்ள எண்ணையே நம்புங்கள்.

பரிந்துரைக் கடிதம் தருபவர் பெரிய பதவியில் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பெயரை முன்பின் அறியாத துணையமைச்சரின் இரண்டு வரிகளைவிட, உங்களோடு ஆற்று நீரின் மாதிரி எடுத்த விரிவுரையாளரின் ஒரு பக்கம் எடை மிக்கது. அவருக்குக் குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். உங்கள் கட்டுரையின் வரைவு, மதிப்பெண் பட்டியல், உதவித்தொகையின் நோக்கம் ஆகியவற்றைச் சேர்த்தே அனுப்பிவையுங்கள்.

கட்டுரை

விண்ணப்பத்தின் உயிர் இதுதான். பொதுவாக வந்து சேரும் தொடக்கம் இப்படி இருக்கும்: “சிறு வயதிலிருந்தே எனக்கு இயற்கையின் மீது அளவில்லாத ஈடுபாடு. இன்று உலக வெப்பமயமாதல் மனித குலத்தையே அச்சுறுத்துகிறது. இதைத் தடுப்பது இளைஞர்களாகிய நமது கடமை.” இதில் தவறு எதுவும் இல்லை, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவர் வேண்டுமானாலும் இதை எழுதலாம் என்பதுதான் இதன் குறை.

நிபோங் தெபாலுக்கு அருகில் உள்ள பூலாவ் பூரோங் குப்பைக்கிடங்கு 2022 ஜனவரியில் தீப்பற்றி எரிந்தது. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் இப்படித் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்: “பினாங்கு முழுவதும் வீசியெறியும் குப்பை வந்து சேரும் கிடங்கு எங்கள் வட்டாரத்தில் இருக்கிறது. அது எரிந்த நாள்களில் எங்கள் வீட்டுச் சன்னல்களில் ஈரத்துணியைத் தொங்கவிட்டோம். யார் உறவினர் வீட்டுக்குப் போனார்கள், யார் வீட்டிலேயே தங்கினார்கள், ஏன் தங்கினார்கள் என்று எட்டுக் குடும்பங்களிடம் தமிழில் கேட்டு எழுதி வைத்தேன். வெளியேறாதவர்களில் பெரும்பாலோர் நாள்கூலிக்காரர்கள்.” நான்கே வாக்கியங்களில் இடம் வந்துவிட்டது, சுமையைச் சுமப்பவர்கள் வந்துவிட்டார்கள், விண்ணப்பதாரரின் உழைப்பும் தெரிந்துவிட்டது. வெப்பமயமாதல் என்ற சொல்லே வரவில்லை. அதற்கு இரண்டாம் பக்கத்தில் இடம் இருக்கிறது.

அடுத்து, முடிவு எடுக்கப்பட்ட விதத்தைக் காட்டுங்கள். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். 2015-ஆம் ஆண்டு ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டங்களுக்கு அந்த அறிக்கையைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். உங்கள் வட்டாரத்துத் திட்டம் எந்த அட்டவணையில் வந்தது, அறிக்கை எங்கே, எத்தனை நாள் வைக்கப்பட்டது, நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அதை எந்த மொழியில் யார் படித்திருக்க முடியும் என்று விசாரியுங்கள். பினாங்கின் தெற்குக் கரையில் கடலைத் தூர்த்துத் தீவு அமைக்கும் திட்டத்துக்குக் கிடைத்த மதிப்பீட்டு ஒப்புதலை, மீனவர்கள் செய்த மேல்முறையீட்டின்பேரில் 2021-இல் மேல்முறையீட்டு வாரியம் ரத்து செய்தது; பிறகு திட்டம் திருத்தப்பட்டு மீண்டும் முன்வந்தது. நடைமுறையைக் கற்றுக்கொள்வதற்கு அந்த வழக்கைவிடச் சிறந்த பாடம் பினாங்கில் இல்லை. சட்டம் படிக்க விரும்புபவர்கள், கூட்டரசு அரசமைப்பின் 5-ஆம் பிரிவில் உள்ள ‘உயிர்’ என்பது மாசற்ற சூழலில் வாழும் உரிமையையும் உள்ளடக்கும் என்று 1996-இல் ‘தான் தெக் செங்’ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியதையும், தூய்மையான, ஆரோக்கியமான சுற்றுச்சூழலை மனித உரிமையாக 2022 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இவற்றை அலங்காரத்துக்குத் தூவாதீர்கள். உங்கள் ஆய்வுக் கேள்விக்குத் தேவை என்றால் மட்டும் வரட்டும்.

ஆய்வுக் கேள்வி சிறியதாக இருப்பது நல்லது. “மலேசியாவின் நதி மாசுபாட்டைத் தீர்ப்பேன்” என்று எழுதுபவரைவிட, “சுங்கை கிள்ளான் ஓரத்தில் உள்ள இரண்டு பி.பி.ஆர். மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வெள்ள எச்சரிக்கை யார் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று ஆராய்வேன்” என்று எழுதுபவர் அந்த வேலையைச் செய்துமுடிப்பார் என்ற நம்பிக்கை பிறக்கும்.

தமிழ் தெரிந்திருப்பதை ஆய்வுத் திறனாகவே எழுதுங்கள். நம் மாணவர்கள் ‘தெரிந்த மொழிகள்’ என்ற கட்டத்தில் அதைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மருந்தடித்த பாட்டியிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், லயத்து வாசற்படியில் அமர்ந்து இரண்டு மணி நேரம் பேசி, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே பதிவு செய்ய முடிகிற ஆய்வாளர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதே சமயம், அனுபவிக்காத துன்பத்தை அனுபவித்ததாக எழுதாதீர்கள். பங்சாரில் வசதியாக வளர்ந்தவர் தோட்டத்து வறுமையைக் கடன் வாங்க வேண்டியதில்லை. தன் வீட்டுக் குளிரூட்டியை இயக்கும் மின்சாரம் எந்த ஊர் நிலக்கரி நிலையத்திலிருந்து வருகிறது என்று கேட்டாலே அவருக்கும் ஒரு நேர்மையான கட்டுரை கிடைத்துவிடும்.

நேர்காணல்

நேர்காணலில் கடினமான கேள்வி ஒன்று வராமல் போகாது. “அந்த ஆலையை மூடினால், அங்கே வேலை செய்யும் உங்கள் மாமாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?” என்ற வகையில் அது அமையும். ஆலையை மூட வேண்டும் என்று முழங்குவதும், வளர்ச்சியும் வேண்டும் சுற்றுச்சூழலும் வேண்டும் என்று மழுப்புவதும் ஒரே அளவுக்குப் பயனற்றவை. மாமாவின் வேலையும் அவருடைய நுரையீரலும் ஒரே மனிதருடையவை என்பதிலிருந்து தொடங்கி, முதலாளி எந்தச் செலவைத் தன் கணக்கில் எழுதாமல் அக்கம்பக்கத்தார் தலையில் கட்டுகிறார் என்பதை விளக்கத் தெரிந்தால் போதும். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டறிவீர்கள் என்று கூறுங்கள்.

கையெழுத்திடும் முன்

உதவித்தொகை கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்திடுபவர்கள் அதிகம். மாணவர் 18 வயது நிரம்பாதவர் என்பதால் ஒப்பந்தம் செல்லாது என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் திருத்தச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது: அரசாங்கம், சட்டபூர்வ அமைப்பு, பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு செய்துகொண்ட உபகாரச் சம்பள ஒப்பந்தத்தை வயதைக் காரணம் காட்டி ரத்து செய்ய முடியாது. ஒப்பந்தத்தை மீறினால், உண்மையான இழப்பு எவ்வளவு என்று நிரூபிக்காமலே, அதில் எழுதியிருக்கும் முழுத் தொகையையும் மாணவரிடமும் உத்தரவாதம் அளித்தவரிடமும் கோரலாம் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. ஆகவே, உத்தரவாதக் கையெழுத்துப் போட வரும் சித்தப்பாவுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே நகலைக் கொடுத்து, மீறினால் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை எழுதப்பட்ட வரியை விரல் வைத்துக் காட்டுங்கள். திருமண வீட்டில் அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்கிய குடும்பங்கள் பின்னால் பேசிக்கொள்ளாமல் போயிருக்கின்றன.

படிப்பை மாற்றினால், ஒரு பருவம் ஒத்திவைத்தால், வேறோர் உதவியைப் பெற்றால், படிப்பு முடிந்து குறித்த காலத்துக்குள் வேலையில் சேராவிட்டால் என்ன ஆகும் என்ற நான்குக்கும் ஒப்பந்தத்தில் விடை இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்து மூலம் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

தக்கவைத்தல்

தொகை நின்றுபோவதற்குப் பெரும்பாலான நேரங்களில் காரணம் மதிப்பெண் சராசரி. குறைந்தபட்சம் 3.00 கேட்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். முதல் பருவத்தில் 18 கிரெடிட்டுக்கு 2.80 எடுத்தவர், இரண்டாம் பருவத்தில் அதே 18 கிரெடிட்டுக்கு 3.20 எடுத்தால் சராசரி 3.00-ஐத் தொட்டுவிடும். ஆறு பருவங்கள் முடித்து 108 கிரெடிட்டில் 2.90-இல் நிற்பவருக்கு, அடுத்த பருவத்தில் 3.60 தேவைப்படும். குறைவு சிறியதாக இருந்தாலும் காலம் கடந்தால் விலை ஏறுகிறது. ஆகவே முதல் பருவத்து முடிவு வந்த வாரத்திலேயே கணக்குப் போடுங்கள். பாடத்தைக் கைவிடும்போது முழுநேர மாணவருக்கான குறைந்தபட்சக் கிரெடிட்டுக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது என்பதையும் கவனியுங்கள்; மதிப்பெண்ணைக் காப்பாற்றக் கைவிட்ட பாடமே உதவித்தொகையை நிறுத்திவிடலாம்.

தந்தையின் உடல்நலக் குறைவு, சொந்த நோய், மன அழுத்தம் என்று எது வந்தாலும் உதவித்தொகை அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். தேர்வுக்கு முன்பு மருத்துவச் சான்றோடு வரும் கடிதத்தை ஒத்திவைப்பு விண்ணப்பமாகப் பார்க்கிறார்கள். முடிவு வந்த பின் வரும் அதே கடிதத்தைச் சாக்காகப் பார்க்கிறார்கள். வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். பெற்றோரே இதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்வது நல்லது.

இந்தத் துறைக்கே உரிய கடமைகளும் சில உண்டு. மக்களிடம் நேர்காணல் எடுக்கும் முன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் கிராமங்களுக்குள் ஆய்வு செய்ய ஜகோவா எனப்படும் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் அனுமதியும் வேண்டும். இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், முன்னேற்ற அறிக்கையின் காலக்கெடுவை மனத்தில் வைத்துப் பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். வேலை செய்யும் ஆலையைப் பற்றிக் குறை சொன்ன தொழிலாளியின் பெயரையோ முகத்தையோ வீட்டு எண்ணையோ அறிக்கையில் வைக்காதீர்கள்; உங்களுக்கு அது ஒரு மேற்கோள், அவருக்கு அது மாதச் சம்பளம். ஆய்வு முடிந்ததும் அம்மக்களுக்குத் தமிழிலோ மலாயிலோ இரண்டு பக்கச் சுருக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதைப் பல நிதி வழங்குநர்கள் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியது இது.

அமைதிப் பேரணிகளில் கலந்துகொள்ளலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பல்கலைக்கழகச் சட்டத்தில் 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் வளாகத்துக்குள் அரசியல் செயல்பாட்டுக்கு இருந்த தடையை நீக்கிவிட்டது. ஆயினும் உங்கள் ஒப்பந்தத்தில் நடத்தை பற்றிய தனி விதி இருக்கக்கூடும். கலந்துகொள்வது உங்கள் உரிமை. நிதி வழங்குநரின் பெயரைப் பதாகையில் பயன்படுத்துவதும், சரிபார்க்காத குற்றச்சாட்டை ஒரு நிறுவனத்தின் பெயரோடு சமூக ஊடகத்தில் பதிவதும் வேறு விஷயம். ஆய்வில் கண்டதை ஆதாரத்தோடு அறிக்கையில் எழுதினால் அதற்கு ஆயுள் அதிகம்.

களப்பணிச் செலவின் ரசீதுகளை அன்றன்றே படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும், தணிக்கை அதற்குப் பிறகுதான் வரும். பகுதிநேர வேலை, மாநில அரசின் ஒருமுறை உதவி, கோயில் அறவாரியத்தின் சிறு தொகை எதுவாயினும், இரட்டை உதவி பற்றிய விதியைப் பார்த்து அறிவித்துவிடுங்கள். அறிவித்த தொகையை அனுமதிப்பவர்கள்கூட மறைத்த தொகையை மன்னிப்பதில்லை.

படிப்பு முடிந்ததும் பட்டமளிப்போடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். இறுதி அறிக்கையையும் மதிப்பெண் பட்டியலையும் ஒப்படைத்து, ஒப்பந்தக் கடப்பாடுகள் அனைத்தும் நிறைவேறிவிட்டன என்று அலுவலகம் எழுதித் தரும் விடுவிப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நாடு திரும்ப வேண்டும், குறித்த காலம் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அந்தக் காலம் முடிந்த பிறகே அக்கடிதம் கிடைக்கும். அதன் ஒரு நகலை உத்தரவாதம் அளித்த சித்தப்பாவுக்கும் கொடுத்துவிடுங்கள்.